செகாவுக்கு வந்த கடிதம்

1886 மார்ச் மாதம். மாஸ்கோவில் இருந்த 26 வயது டாக்டர் ஒருவருக்கு, ரஷ்யாவின் மூத்த எழுத்தாளர் திமீத்ரி கிரிகரோவிச்சிடமிருந்து கடிதம் வந்தது. உங்களிடம் அசலான திறமை இருக்கிறது, அவசர அவசரமாக எழுதிக் குவிக்காதீர்கள், புனைபெயரை விட்டுச் சொந்தப் பெயரில் எழுதுங்கள் என்றார் பெரியவர்.

அந்த டாக்டர்தான் அந்தோன் செகாவ். குடும்பச் செலவுக்காக நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு ‘அந்தோஷா செகோந்தே’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று பதிலில் மனம் திறந்து ஒப்புக்கொண்டார்.

மறு ஆண்டு வெளிவந்த ‘அந்தியில்’ தொகுப்பைக் கிரிகரோவிச்சுக்கே காணிக்கையாக்கினார். 1888இல் அதற்குப் புஷ்கின் பரிசு கிடைத்தது.

பின்னாளில் செகாவே ஆசானானார். 1899இல் மாக்சிம் கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில், மெய்ப்புத் திருத்தும்போது பெயரடைகளையும் வினையடைகளையும் முடிந்தவரை வெட்டச் சொன்னார். கதை எழுதப் பழகுபவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. ஒருவர் புல்லில் உட்கார்ந்தார் என்றால் வாசகருக்கு உடனே புரிந்துவிடுகிறது. அவருடைய உயரம், ஒடுங்கிய மார்பு, செந்தாடி, மிரண்ட பார்வை எல்லாவற்றையும் அதே வாக்கியத்தில் அடைத்தால் படிப்பவர் மனம் களைத்துப்போகும் என்று கார்க்கிக்கு விளக்கினார் செகாவ்.