உராய்வுக்கு அப்பால்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலையொன்று வெடித்த மறுநாள் பத்திரிகைகளில் வரும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெடிமருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது, அல்லது தொழிலாளி அஜாக்கிரதையாக இருந்துவிட்டார். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் மருந்தைக் கையாளும் தொழிலில் உராய்வு நித்தியம் உள்ளது. அயர்ச்சியும் மறதியும் மனித சுபாவம். என்றும் இருக்கிற இவை அன்றைக்கு மட்டும் உயிர்ப்பலி கொண்டது எதனால் என்று வினவாத விசாரணை, விசாரணை என்ற பெயருக்கே பாத்திரமானதன்று.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால், தீப்பொறி எதுவும் இல்லாமலேயே அது உள்ளுக்குள் மெல்லச் சூடேறக் கூடும். இரவெல்லாம் அவ்வாறு கிடந்த மருந்தைக் காலையில் ஒருவர் கிளறுகிறபோது உண்டாகும் உராய்வு, நீண்ட காரணத் தொடரின் கடைசிக் கண்ணி மட்டுமே. மருந்து ஏன் மிஞ்சியது? அன்றைய தேவைக்கு மேல் கலந்ததால். ஏன் கலந்தார்கள்? எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுகிறவர்க்கு மருந்துக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் நஷ்டம். தீபாவளி ஆர்டரோ கழுத்தை நெரிக்கிறது. மிஞ்சியதை முறைப்படி அழிக்கச் சொல்லவும், மழைமேகம் கண்டதும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் உள்ள போர்மேன் எங்கே? இந்தக் கேள்வியில்தான் பல சமயங்களில் வேர் தட்டுப்படுகிறது.

நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையிடம் உரிமம் பெற்ற ஒருவர், தம் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டுவிடுகிறார். குத்தகைக்காரர் ஒவ்வொருவரும் போட்ட பணத்தைச் சில மாதங்களுக்குள் எடுத்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறார்; ஆகவே உரிமத்தில் குறித்த ஆள் எண்ணிக்கையும் மருந்தின் அளவும் மீறப்படுகின்றன, அறைக்குள் நடக்க வேண்டிய வேலை மரத்தடிக்கு வந்துவிடுகிறது. முழு ஆலைக்கும் பொறுப்பான மனிதர் என்று எவரும் அங்கே இல்லை. இந்த ஏற்பாட்டை விட்டுவைத்து, மாண்டவரின் கவனக்குறைவைக் கோப்பில் எழுதி முடிப்பது உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியமானது. மாண்டவர் மறுத்துப் பேசுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்றில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுள் பலர், முதல் வெடியோசை கேட்டு ஓடிவந்த சுற்றுக் கிராமத்தார். அவர்களுடைய சாவை எந்தத் தொழிலாளியின் அஜாக்கிரதையில் சேர்ப்பது?

விபத்தை அரசுக்கு அறிவித்தல் முதலாளியின் கடமை. உயிர்ச்சேதம் நேர்ந்தால் அரசு விசாரித்தாக வேண்டும். பாதுகாப்புக் குறைகளைப் பற்றித் தகவல் கேட்கவும், ஆய்வாளரிடம் முறையிடவும் தொழிலாளிக்குச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது. ஆனால் ஆலைக்கு ஆளேற்றும் வேன் மறுநாள் ஊருக்கு வராமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் தனியாகக் கையெழுத்திடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. சங்கத்தின் வாயிலாகவோ பலர் கூடியோ மனு எழுதுவதே உசிதம். பெருவிபத்து மட்டுமன்று, புகைந்து அணைந்துபோன சிறு சம்பவமும் அம்மனுவில் இடம்பெற வேண்டும். உயிர்ச்சேதமின்றி வேரைக் காட்டித் தருவது அதுதான்.

நஷ்டஈட்டைப் பற்றிப் பரவியிருக்கும் தப்பெண்ணங்கள் பல. தொழிலாளியின் கவனக்குறைவு மாத்திரம் நஷ்டஈட்டை மறுக்கக் காரணமாகாது. வேண்டுமென்றே விதியை மீறினார் என்ற வாதமும், மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் முதலாளிக்குக் கைகொடுக்காது. ஒப்பந்தக்காரர் அமர்த்திய ஆளானாலும் பிரதான முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர்க்குச் சம்பளச் சிட்டையும் உடன் வேலை செய்தோரின் சாட்சியமும் துணை நிற்கும். ஈ.எஸ்.ஐ. காப்பில் இல்லாதவர் இறந்தால் நஷ்டஈட்டுத் தொகையை முதலாளி தொழிலாளர் துறை அதிகாரியிடமே கட்ட வேண்டும். ஆகையால் துக்க வீட்டில் ரொக்கத்தை நீட்டி வெற்றுத்தாளில் வாங்கும் கைநாட்டு, அக்குடும்பத்தின் உரிமையைப் பறிக்காது. நஷ்டஈட்டு மனுவுக்குக் காலவரையறை உண்டு என்பதால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.