உயரம் தடையன்று

மேசைப்பந்து வீராங்கனை தெங் யாப்பிங் 1973-ஆம் ஆண்டு சீனாவின் ஹெனான் மாநிலத்தில் பிறந்தார். தந்தையாரே அவருக்கு முதல் ஆசான். உயரம் போதாதென மாநிலக் குழு அவரை ஏற்க மறுத்தது. வளர்ந்த பின்னும் அவரது உயரம் ஏறத்தாழ 150 சென்டிமீட்டரே.

ஆயினும் அவர் மனந்தளரவில்லை. மேசையை ஒட்டி நின்று பந்தை விரைந்து தாக்கும் ஆட்டத்தை இடைவிடாப் பயிற்சியால் தமதாக்கிக் கொண்டார். 1992-இல் பார்சிலோனாவிலும் 1996-இல் அட்லாண்டாவிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றார்.

1997-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஆங்கிலத்தை ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்தே கற்று, 2008-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பெற்றோர்களே! நம் தோட்டத்துப் பிள்ளைகளை, ‘இவர்களால் இயலாது’ என்று நாமே ஒதுக்கிவிடலாகாது. மட்டையாயினும் புத்தகமாயினும் அவர்கள் கையில் கொடுத்து ஊக்குவிப்போமாக.