பதினெட்டுப் பேர், பதினெட்டு மாதம்

பெரம்பூர் பாரக்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் மாதம் பிறந்து ஏழெட்டு நாளுக்குள் சீட்டு குலுக்கிவிடுவார்கள். சம்பளம் வந்து, மளிகைப் பாக்கி தீர்ந்து, கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் நேரம் அது. 18 பேர், தலைக்கு 1,000 ரூபாய், 18 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 18,000. சீட்டு முடியும்போது கைமாறியிருக்கும் பணம் 3,24,000. இதற்கு வங்கி கிடையாது, பத்திரம் கிடையாது, ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் உண்டு.

முதல் மாதம் எடுப்பவருக்கு அக்கம்பக்கத்தார் தந்த கைமாற்று 17,000. வட்டியில்லாமல் 17 மாதத்தில் அடைக்கிறார். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று போட்டால் அவருக்கு மிச்சமான வட்டி 765 ரூபாய். கடைசியில் எடுப்பவர் விட்டுக்கொடுத்த வட்டியும் சரியாக அதே 765. பெரும்பாலும் சீட்டுப் பிடிக்கும் அக்காவே முதல் சீட்டை எடுத்துக்கொள்வார். ஒன்றரை ஆண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதற்கு அவருடைய கூலி அவ்வளவுதான்.

அவசரத்துக்குச் சீட்டுக்குப் பதில் தண்டல் வாங்கினால்? 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள் என்றால், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் சுமார் 120 சதவீதம்.

பதிவு பெற்ற சிட் நிறுவனத்தில், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்துபவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது. 2019இல் 7 ஆனது. 18,000க்கு 1,260. அதன்மேல் 2022 ஜூலை முதல் 18 சதவீத ஜிஎஸ்டி, 226 ரூபாய் 80 காசு. 18 மாதத்தில் மொத்தம் 26,762 ரூபாய் 40 காசு.

இந்தத் தெருச் சீட்டுபோல அரசும் முதலாளியும் இல்லாமல் மனிதர்கள் சேர்ந்து வாழ முடியுமா என்ற வாதம் பழையது. கிரபோத்கின் 1902இல் பரஸ்பர உதவி பற்றிப் புத்தகமே எழுதினார். சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியோடு ‘இந்தியா’ பத்திரிகையில் இருந்து, 1920இல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவராகி, பிறகு அதைவிட்டு விலகி, 1954இல் பம்பாயில் சாகும்வரை அரசற்ற சமூகத்துக்காகவே எழுதினார். இவர்களிடம் எப்போதும் கேட்கப்படும் கேள்வி: போலீஸ் இல்லையென்றால், ஒருவன் பணத்தோடு ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

சீட்டு நோட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. பத்தாவது மாதம் முடிந்த கையோடு அக்கா ஊரைவிட்டே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காத எட்டுப் பேர் கட்டியது 80,000. எடுத்த பத்துப் பேர் இன்னும் கட்ட வேண்டியதும் 80,000. அவர் பங்கான 8,000 மட்டும் போகும். மீதி 17 பேர் பகிர்ந்தால் தலைக்கு 471 ரூபாய். அந்த மாத வசூலையும் அள்ளிக்கொண்டு போனால்கூட இழப்பு இன்னொரு 18,000. திருடுவதற்கு நடுவில் பெட்டியே கிடையாது! பதிவு பெற்ற சிட் நடத்துபவரிடம் சட்டம் வாங்கும் பிணையும் ஒரு மாதச் சீட்டுத் தொகைதான். எவ்வளவு சிறிய சீட்டுகளைச் சட்டத்துக்கு வெளியே விடலாம் என்ற எல்லையை 2019 திருத்தம் மாநில அரசுகளிடமே விட்டது.

தீபாவளிச் சீட்டு வேறு. 50 பேர், மாதம் 500, 12 மாதம் என்றால் 3,00,000 ரூபாய் ஒரே கையில் குவிகிறது. ஓடுகிறவர்கள் இங்கிருந்துதான் ஓடுகிறார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பெரிய அநியாயம்.

ஆனால் செலவுப் பக்கத்தில் ஒரு வரியை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இதே வட்டாரத்தில் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல். எட்டு ஆண்டு, சட்டத்தின் துணையில்லாமல், ஒருவரையொருவர் நம்பித்தான் சங்கம் நின்றது. அந்த நம்பிக்கை 1921 வேலைநிறுத்தத்தில் சாதியில் முட்டி உடைந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தெரு நம்பிக்கைக்குத் தெருவின் வேலிகளும் உண்டு. சீட்டில் யாரைச் சேர்ப்பது என்பதை முகம் பார்த்து முடிவு செய்கிறோம். மூன்று மாதம் முன்பு பீகாரிலிருந்து வந்து மாடியில் வாடகைக்கு இருக்கும் பையனின் பெயர் நோட்டில் இல்லை. அவன் அம்மாவுக்கு மருத்துவச் செலவு வந்தபோது 10,000க்குக் கையெழுத்துப் போட்டு 8,500 வாங்கி வந்தான்.