துருச் சந்தையில் பழைய சாமான் வாங்குவது எப்படி?



நம் லயத்து வாசல்களில் நீண்ட காலம் நின்ற வண்டி ஹோண்டா கப். 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த இவ்வண்டி இனம், 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடி என்ற எண்ணிக்கையை எட்டியது. அவ்வினத்தைச் சேர்ந்த பழைய சி70 வண்டியை, அப்பா ஓட்டிய வண்டி என்று விட மனமில்லாமல் வைத்திருப்போர் இன்றும் உண்டு. அதற்கு அசல் சாமான் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. எனவே பழஞ்சாமான் சந்தைக்குப் போகிறோம். மலாய் மொழியில் அதைப் ‘பாசார் காராட்’ என்பார்கள். துருச் சந்தை என்று பொருள். பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை இவ்வகையில் பெயர் பெற்றது.

அங்கே எப்படி நடந்துகொள்வது, எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதை இன்று பார்ப்போம்.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. கெட்டுப்போன சாமானைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சாமான்கள் ஒன்றாக இருப்பதில்லை. சி50 வண்டியின் பிஸ்டன் 39 மில்லிமீட்டர். சி70 வண்டிக்கு 47 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையில் 25 அல்லது 50 என்று பொறித்திருந்தால், அது கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரியது. உங்கள் சிலிண்டர் எந்த அளவுக்குக் கடையப்பட்டிருக்கிறது என்று பட்டறையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு பல்பும் அப்படியே. 6 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் மாட்டினால் உடனே கருகிவிடும்.

இனி, சந்தை மரியாதை. விரிப்பில் பரப்பிய பொருளைத் தாண்டியோ மிதித்தோ போகாதீர்கள். எடுக்குமுன் கேளுங்கள். “போலே தெங்கோக், பாக்சிக்?”, அதாவது “பார்க்கலாமா, பெரியவரே?” என்று ஒரு வார்த்தை கேட்டால் விற்பவர் முகம் மலரும். அவர் சம்மதமின்றித் திருகாணியைக் கழற்றாதீர்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள். ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து விலையை ஏற்றுவது தகாது. பொருளை இழித்துப் பேசி விலையைக் குறைக்கப் பார்ப்பதும் அழகன்று. குறை இருந்தால் அதைக் காட்டி, “இன்ன விலைக்குக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு மறுபடியும் குறைக்கக் கேட்காதீர்கள். சில்லறை நோட்டுகளாகப் பணம் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

மரியாதையாகப் பேசினால் நிதானமாகப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். மரைக்கு ஏற்ற நல்ல நட்டு ஒன்றைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிப் போனால் மரை நன்றாக இருக்கிறது. பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அது தேய்ந்து போனது. கார்புரேட்டரின் மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. பெட்ரோல் தொட்டியின் உட்புறத்தைக் கைவிளக்கு கொண்டு பாருங்கள். தீக்குச்சியைக் கிட்டக்கூடக் கொண்டு போகாதீர்கள். தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், அது வெடிக்கும்.

கண்ணாடி, இருக்கை, விளக்குக் கூடு போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஆனால் பிரேக் கட்டை, பிரேக் கேபிள், டயர், தலைக்கவசம் ஆகிய நான்கையும் புதியதாகவே வாங்குங்கள். இவை உயிரைத் தாங்குகிறவை. முன்னால் பிள்ளையும் பின்னால் மனைவியும் உட்கார்ந்திருக்கும்போது, பத்து வெள்ளி மிச்சம் பிடித்த பிரேக் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? இன்னொன்று: பழைய காலத்துப் பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய கட்டையைக் கழற்றும்போது வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான செய்தி. சிங்கப்பூரில் சுங்கை ரோடு சந்தை என்று ஒன்று இருந்தது. 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. அதற்குத் ‘திருடர் சந்தை’ என்றே பட்டப்பெயர். நேர்மையான வியாபாரிகள் அங்கே நிறைய இருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் நமக்கு ஓர் எச்சரிக்கை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், மலேசியக் குற்றவியல் சட்டம் 411ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. எண் அரம் போட்டு அழிக்கப்பட்ட எஞ்சினை எந்த விலைக்கும் தொடாதீர்கள். எஞ்சின் வாங்கினால், விற்றவரின் பெயரோடு ரசீதும், பழைய வண்டியின் கிராண்ட் நகலும் கேளுங்கள். எஞ்சினை மாற்றுமுன் ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குச் சென்று முறைப்படி அனுமதி பெறுங்கள்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. காணாமற்போன மோட்டார் சைக்கிள் யாருடையது? அநேகமாக நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியினுடையதுதான். அந்த வண்டி போனதால் அவர் விடியற்காலையில் பெரட்டுக்கு நடந்து போகிறார். அவர் பிள்ளை பள்ளிக்குப் பிந்திப் போகிறது. நம் கைக்கு மலிவாய் வரும் எஞ்சினுக்கு உண்மையான விலையைக் கொடுத்தவர் அவர்தான்.

ஆகவே, “இது எங்கிருந்து வந்தது?” என்று பணிவாகக் கேளுங்கள். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு சொல்வார். சொல்லத் தயங்கினால் நன்றி கூறி, பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த விரிப்புக்குப் போங்கள்.