அடுக்களையும் ஒரு பட்டறையே

ஒரு கட்டடத்தை அளவு விகிதம் பிறழாமல் சிறிதாக்கிக் காட்டுவதே மாதிரி உருவம். ஒன்றுக்கு இருநூறு என்னும் விகிதத்தில், ஒரு மீட்டர் நீளம் 5 மில்லிமீட்டராகும். ஆறடி மனிதன் ஒரு நெல்மணியளவே நிற்பான். இத்துணை நுண்ணிய வேலைக்குத் தனிக் கருவிகள் வேண்டுமே என்று பலர் தயங்குவர். அந்தமானில், ஜங்லிகாட்டில் வாழும் எம்போன்றோர்க்கு அக்கருவிகள் கடல் கடந்து வரவேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் என் மகன் செல்லுலார் சிறையை அட்டையில் அமைக்க முற்பட்டான். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரில், 1896 முதல் 1906 வரை எழுப்பப்பட்ட சிறை அது. நடுக் கோபுரத்தினின்று சக்கரத்தின் ஆரங்கள்போல் ஏழு கிளைகள் பிரிந்தன. ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகையே நோக்கியது. கைதிகள் ஒருவரையொருவர் காணலாகாது என்பதே கருத்து. இன்று எஞ்சி நிற்பவை மூன்று கிளைகளே.

கருவிக்கு எங்கே போவது? ஒரு பொருளின் பெயரை மறந்து, அது செய்யும் தொழிலை மட்டும் நோக்கினோம். துணி உலர்த்தும் கவ்வியின் தொழில் இறுகப் பற்றுதல். ஈரக் காற்றில் பசை மெல்ல உலருமளவும் அட்டைச் சுவர்களை அது பிடித்துநின்றது. நகவெட்டி, பல்குத்தும் குச்சிகளை ஒரே அளவான தாழ்வாரத் தூண்களாக நறுக்கியது. ஊசி நீக்கிய மருந்துக் குழல் பசையைத் துளித்துளியாக இட்டது. தேயிலை வடிகட்டி, மரத்தூளை மண்தரைபோல் சீராகத் தூவியது. பழைய பல்துலக்கியை நீர்த்த வண்ணத்தில் தோய்த்து விரலால் தெறித்தபோது, புதுச் சுவரில் பழமையின் கறை படிந்தது.

முறுக்கு உரலின் ரிப்பன் அச்சில் களிமண்ணைப் பிழிந்தால், அடுக்குகளின் விளிம்புப் பட்டைகள் ஒரே கனத்தில் கிடைக்கும். ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த உரலைத் தர என் தாயார் இசையவில்லை. அவர் கூறியது நியாயமே: களிமண்ணும் வண்ணமும் பசையும் பட்ட பொருள் மீண்டும் உணவைத் தொடலாகாது. ஆதலின் பழைய உரல் ஒன்றை விலைக்கு வாங்கினோம். நீங்களும் இதற்கென ஒதுக்கும் பொருள்களை அடையாளமிட்டு, அடுக்களைக்கு அப்பால் வையுங்கள்.

உருவம் முடிந்தபோது மூன்று கிளைகளுக்கே வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. நான்கு கிளைகள் வெறும் வெள்ளை அட்டையாகவே நின்றன. வேலை முடியவில்லையா என்று கேட்டேன்.

"இவை இப்போது இல்லையே, அப்பா" என்றான்.

அந்தச் சிறையைப் பன்முறை சுற்றிவந்தவன் நான். இல்லாத நான்கையும் அன்றுதான் கண்டேன்.