தேடற்கோவையும் தமிழெழுத்தும்

இலக்கியங்களுக்குச் சொல்லடைவு தொகுக்கும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்போர் இன்று பலர். அப்பொறி சொற்களை இனங்காண்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் தேடற்கோவையின் வாயிலாகவே. அக்கோவையை இயக்கும் கணிநிரல் நூலகம் தமிழெழுத்தின் இயல்பை அறியுமா என்பதை முன்னரே சோதித்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் வற்புறுத்துவது.

பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரைச் சோதனைக்குக் கொள்வோம். இலக்கண நெறியில் இதன் எழுத்துக்கள் 9. யூனிகோடு முறையிலோ, அகரமேறிய மெய் 9, புள்ளி 4, உயிர்க்குறி 2 ஆக 15 குறியீடுகள். பைத்தான் கணிமொழியுடன் வரும் நூலகம் புள்ளியையும் உயிர்க்குறியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே, அப்பெயர் ச, ம, பரம, ப, க, கம என 6 துண்டுகளாகச் சிதறும். யூனிகோட்டின் தேடற்கோவை நெறியுரையோ அக்குறிகளையும் சொல்லெழுத்தாகவே கொள்ளும். தமிழ்க் குறியீட்டுப் பகுதி முழுவதையும் கோவையில் எடுத்தெழுதின் இக்குறை நீங்கும்.

இனி, ‘செம்பரம்பாக்கத்தோடு’ என்பதன் ஓகாரக்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஏகாரக்குறியும் காலுமாகிய இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வெவ்வேறு. தேடுமுன் இவற்றை ஒருவடிவாக்காவிடின் ஒன்று விடுபடும்.

எனவே, அறியப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் ஒரு சொல்லையும் அதற்குரிய விடையையும் எழுதி வைத்து, நூலகம் புதுப்பிக்கப்படுந்தோறும் ஒப்பிட்டுக் காண்க. சிதறிய சொல்லைப் பொறி பிழையென அறிவிக்காது. அது பொய்யெண்ணிக்கையாய் ஆய்வுரையுட் புகும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வகுத்ததைப் பொறிக்கும் உணர்த்துதல் தமிழாய்வாளர் கடனாம்.