பாட்டி செல்போனை எவ்வளவு பயன்படுத்துகிறார்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருப்பார். அவரிடமும் ஒரு செல்போன் இருக்கும். ஒரு நாளில் அதை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். "நான் எங்கே அதைத் தொடுகிறேன்? யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேசுவேன், அவ்வளவுதான்" என்பார். பேரனைக் கேட்டால், "பாட்டி எந்நேரமும் வீடியோதான் பார்க்கிறார்" என்பான். இருவரில் யார் சொல்வது சரி? அளந்து பார்த்தாலொழியச் சொல்ல முடியாது.

அளப்பதற்குக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும், திரை எவ்வளவு நேரம் ஒளிர்ந்தது என்ற கணக்கு போனுக்குள்ளேயே பதிவாகிறது. பட்டன் போனாக இருந்தால், வந்த அழைப்பு, போன அழைப்பு, எடுக்காமல் விட்ட அழைப்பு ஆகியவற்றின் பட்டியல் இருக்கும். ஆனால் அளவீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். பாட்டியின் போனில் பேரன் ஒரு மணி நேரம் விளையாடினால் அதுவும் பாட்டியின் கணக்கில் ஏறிவிடும்! பாட்டி காய்கறி நறுக்கும்போது பக்கத்தில் பக்திப் பாடல் ஓடிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தை எதில் சேர்ப்பது? வெளியூரிலுள்ள மகனோடு பேசிய இரண்டு நிமிடத்தை அதனோடு ஒப்பிடலாமா? தூரத்தையும் இடப்பெயர்ச்சியையும் நாம் வேறு வேறாகக் கருதுவதுபோல், திரை ஒளிர்ந்த நேரம், பேசிய நேரம், அழைப்புகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தனித்தனி அளவுகளாகவே கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் என்ற அமைப்பு இது குறித்துப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறது. அந்நாட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்கள் 2012 இல் நூற்றுக்கு 13 பேர். 2021 இல் 61 பேர். ஒன்பதே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ச்சி! ஆயினும் போனை வைத்திருப்பது வேறு, அதைத் தடையின்றிப் பயன்படுத்துவது வேறு. முதியவர்கள் தடுமாறினால், "வயதாகிவிட்டது, இதெல்லாம் புரியாது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஐம்பது ஆண்டுகள் குடும்பக் கணக்கை மனத்திலேயே போட்டு வந்தவருக்கு நாலு பட்டன்கள் புரியாதா என்ன? மூளையைக் குறை சொல்வதற்கு முன், செய்தி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டாமா? காது, கண், விரல் ஆகிய மூன்று வாசல்கள் வழியாகத்தான் போன் மனிதனோடு உறவாடுகிறது.

முதலில் காது. இளமையில் நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். வயது ஏற ஏற, உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் மறையத் தொடங்குகின்றன. ஏன் அப்படி? உட்காதில் நத்தைக் கூடு போன்ற சுருளான குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழையும் ஒலி, குழலில் உள்ள சவ்வில் ஓர் அலையாக ஓடுகிறது. கீச்சொலிகள் வாசலருகிலேயே சவ்வைப் பெரிதும் ஆட்டுகின்றன. தாழ்ந்த ஒலிகள் குழலின் மறுகோடி வரை செல்கின்றன. வயதாகும்போது வாசலருகே உள்ள நுண்மயிர்ச் செல்களே முதலில் நலிகின்றன. இந்த அலையைக் கண்டு விளக்கியதற்காக 1961 இல் நோபல் பரிசு பெற்றவர் கெயார்க் ஃபான் பேகேஷி. அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? ஹங்கேரி நாட்டுத் தபால் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடம்! தொலைபேசியை நன்றாக அமைக்க வேண்டுமானால், கேட்கும் காதையும் அறிய வேண்டும் என்று புறப்பட்டவர் அவர்.

இப்போது போனின் பங்கைப் பார்ப்போம். பழைய தொலைபேசியும் 2ஜி கைபேசியும் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே அனுப்பும். மற்றதை வெட்டிவிடும். தமிழ் உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ஆனால் 'ஸ', 'ஷ' போன்ற சீறொலிகளின் பெரும்பகுதி வெட்டுப்படுகிறது. பெயரை எழுத்துக் கூட்டும்போது இளைஞர்கள்கூட "எஸ் ஃபார் சுந்தரம்" என்று சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். மிச்சமிருக்கும் பகுதியிலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே பாட்டியின் காது மங்கியிருந்தால்? 'கடி', 'தடி', 'படி' ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும். "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்று முதியவர்கள் சொல்வது எவ்வளவு துல்லியமான விளக்கம் பாருங்கள்! நாமோ உடனே கத்துகிறோம். கத்தினால் உயிரொலிகள்தான் இன்னும் ஓங்குகின்றன. மெய்யொலிகள் அந்த அளவுக்கு ஓங்குவதில்லை. நிறுத்தி, நிதானமாகப் பேசுவதே பயன் தரும். 1999 முதல் ஜப்பானில் முதியவர்களுக்கென்றே 'ராக்கு ராக்கு' என்ற வகைப் போன்கள் விற்பனைக்கு வந்தன. அவ்வரிசையின் போன்களில், எதிர்முனையில் பேசுபவரின் குரலைச் சற்று மெதுவாக்கிக் கேட்பிக்கும் வசதியும் இடம்பெற்றது.

4ஜி வழிப் பேச்சில், இரு முனைகளிலும் அவ்வசதி இருந்தால், சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை ஒலி செல்கிறது. வீடியோ அழைப்பிலோ இன்னொரு நன்மை உண்டு. 'ப' என்னும்போது உதடுகள் ஒட்டுகின்றன. 'க', 'த' என்னும்போது ஒட்டுவதில்லை. காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்கிறது. சாதாரண அழைப்பில் "ஹலோ, ஹலோ" என்று திணறும் பாட்டி, முகம் பார்த்துப் பேசும்போது மட்டும் அரைமணி நேரம் பேசுகிறாரென்றால், அது பேரன் முகத்தைப் பார்க்கும் ஆசையால் மட்டுமன்று.

கண்ணைப் பற்றி உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. விழி லென்ஸ் இறுகி, ஏற்பமைவுத் திறன் குறைந்து, வெள்ளெழுத்து வருகிறது. போனைக் கை நீட்டி 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால், 30 செ.மீ. தூரத்தில் தெரிந்த எழுத்து பாதிக் கோணத்தில்தான் தெரியும். கண்மணித் துளையும் சுருங்கி, லென்ஸும் மஞ்சளிப்பதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, திரையின் ஒளியையும் கூட்ட வேண்டும்.

விரலின் கதைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. தொடுதிரையில் அமுக்குவதற்கு எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் ஒளி புகும் மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. மின்சாரம் கடத்தும் நம் விரல் அருகில் வந்ததும் அவ்விடத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அதை உணர்ந்துதான் போன் வேலை செய்கிறது. விரல் நுனித் தோல் உலர்ந்து, வேலை செய்து காய்த்துப் போயிருந்தால் இந்த மாற்றம் மிகச் சிறிதாகிவிடும். திரை அசையாது. பாட்டி என்ன செய்வார்? பழகிய பட்டனைப்போல் இன்னும் அழுத்துவார், நேரம் கூட்டி அழுத்துவார். ஏறத்தாழ அரை விநாடி தாண்டினால், போன் அதை 'நீண்ட தொடுகை' என்ற வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்! கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. "நான் தொட்டால் கெட்டுவிடுகிறது" என்று போனைக் கீழே வைத்துவிடுவார். விரலைச் சற்றே ஈரத் துணியில் ஒற்றிக்கொண்டாலே வேறுபாடு தெரியும். பட்டன் போனில் இத்தொல்லை இல்லை. அமுங்கியதை விரலே உணர்ந்துகொள்ளும். ஆகவே பட்டன் போனே போதும் என்று பிடிவாதமாக இருக்கும் முதியவரைப் பழமைவாதி என்று நான் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஓய்வூதியம் பெறுபவர் தாம் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். மத்திய அரசு 2014 இல் இதைக் கைரேகை வழியே தரச் செய்தது. கைரேகையும் வயதில் தேய்கிறது. 2021 இல் ஆண்ட்ராய்டு போனில் முகத்தைப் படம் பிடித்துத் தரும் முறை வந்தது. வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணோ சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். அதற்குள் கண் அதைப் படித்து, விரல் அதைப் பதிக்க வேண்டும்.

மணி அடிப்பதே கேட்காவிட்டால்? நகத்தளவே உள்ள போன் ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளை உரக்க எழுப்ப முடியாது. ஆகவே பல அழைப்பு மணிகள் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஓங்கி ஒலிக்கின்றன. முதியவரின் காது நலிந்திருப்பதும் அங்கேதான். பாட்டி அடுக்களையில் நலமாக இருப்பார்; வெளியூரிலுள்ள மகனோ நாலு முறை அழைத்தும் எடுக்கவில்லையே என்று பதறுவார்.

ஒரு சோதனை செய்யுங்களேன். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்பி, எத்தனை அடி தூரம் வரை பாட்டிக்குக் கேட்கிறது, உங்களுக்கு எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருடைய சம்மதத்தோடு, அவருக்கு நன்றாகக் கேட்கும் அதிர்வெண்ணுக்கு நெருங்கிய மணியாக மாற்றி, அதிர்வையும் சேர்த்து வையுங்கள். மாற்றுவதற்கு முந்தைய வாரத்தில் மிஸ்டு கால் எத்தனை, பிந்தைய வாரத்தில் எத்தனை என்று பாருங்கள். கணக்கு போனிலேயே இருக்கிறது; பேரன் விளையாடிய நேரம் இதில் கலக்காது.